பானைத் தட்டும் பதினாறு சக்கரமும்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மண்பானை இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே, மணல் பரப்பி அதன் மேல் உட்கார வைத்தது. வாயை ஓர் எவர்சில்வர் தட்டு மூடியிருக்கும். தட்டின் மேல் கவிழ்த்த டம்ளர். பானைக்கும் தட்டுக்கும் நடுவில் நாலாக மடித்த பழைய சேலைத் துணி ஒன்று எப்போதும் இருக்கும். எறும்பு ஏறாமல் இருக்கத்தான் அந்தத் துணி என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் அம்மா அந்தத் துணியைத் துவைத்துக் காயப் போட்டவள், திரும்ப வைக்க மறந்துவிட்டாள். இராத்திரி இரண்டு மணி இருக்கும். தட்டு நடுங்குகிற சத்தம் கேட்டு விழித்தேன். மெல்லிய, பல் தந்தியடிப்பது போன்ற ஒரு சத்தம். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் டம்ளர் தட்டின் மேல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கே இருந்து லாரியின் சத்தம் வந்து சேர்ந்தது. தட்டுக்கு என் காதை விட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

காலையில் அம்மாவிடம் கேட்டேன்.

“லாரி வந்தா தட்டு ஆடும்லா. அதுக்குத்தான் துணி.”

“உனக்கு முழிப்பு வரலியாம்மா?”

“எனக்கு எதுக்கு முழிப்பு வருது? அதெல்லாம் பழகிப்போச்சுய்யா.”

இந்தப் ‘பழகிப்போச்சு’ என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு சண்டை. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் புளியரை. அங்கிருந்து ‘எஸ்’ வளைவில் ஏறினால் கோட்டைவாசல். அதற்கு அந்தப் பக்கம் கேரளம். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகும். திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லத்தில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 744 இதுதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்தான் என்பதால், எல்லை என்பது எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் புதுச் சமாச்சாரம். பாதிச் சொந்தம் அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் வீடு புளியரைக்குச் சற்று முன்னால், ரோட்டிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி. தாத்தா கட்டினபோது நல்ல இடம் என்று ஊரே சொன்னதாம். வாசலில் பஸ் ஏறலாம் அல்லவா.

அந்தக் காலத்தில் ரோட்டில் போனது மாட்டு வண்டி, காய்கறி லாரி, வைக்கோல் லாரி, கோழி வண்டி. இப்போது பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் என்று எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போகிற லாரிகள். அதன் அரசியல் பெரிய கதை, இங்கே வேண்டாம். சத்தத்தை மட்டும் பேசுகிறேன்.

பாரம் ஏற்றிப் போகிற லாரி எங்கள் வீட்டருகில் ஏற்றத்துக்காகக் கியரைக் குறைக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது விநாடிக்கு 30. ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர் வெடிக்கும். ஆக விநாடிக்கு 90 வெடிப்பு. காதுக்கு இது ஒரு ஆழமான உறுமல். ஜன்னல் கண்ணாடிக்கும் பானைத் தட்டுக்கும் இது சாமி வந்த மாதிரி. இவ்வளவு தாழ்ந்த சுருதியைச் சுவர் தடுப்பதில்லை. கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். ஆனால் டெசிபல் மீட்டருக்கு இது பெரிதாகத் தெரியாது. மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதி மந்தமாகக் கேட்கும் என்பதால் மீட்டரும் அதைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறது. 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 100 அதிர்வில், சுமார் 19 டெசிபல் கழிவு, 50 ஹெர்ட்ஸில் 30. சட்டத்தில் இருக்கிற அளவுகள் எல்லாம் இந்தக் கழிவு போக மிச்சத்தைத்தான் பேசுகின்றன. நடுங்குகிற தட்டு அந்தக் கணக்கில் வராது.

திரும்பி வருகிற காலி லாரி இன்னொரு விதம். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். காலி டிப்பரைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இறக்கத்தில் வேகமாக வந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கிற வேகத்தடையில் ஏறும்போது இரும்புத் தொட்டி மொத்தமும் ஒரு முறை தூக்கிப் போடும். பின்கதவு கொக்கியில் அடிக்கும். சங்கிலி ஆடும். அப்புறம் ஏர் பிரேக் ‘புஸ்’ஸென்று மூச்சு விடும், மறுபடி ஆக்ஸிலேட்டர். வேகத்தடை பிள்ளைகளின் உயிரைக் காக்கப் போட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் தூங்கப் போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது.

நான் ஒரு இராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் 18 லாரி. கைபேசியில் இறக்கிய அளவுச் செயலி, ஒவ்வொன்றும் கடக்கும்போது 80-ஐ ஒட்டிக் காட்டியது. கைபேசி ஒன்றும் துல்லியமான கருவி கிடையாது, நாலைந்து டெசிபல் முன்னே பின்னே இருக்கலாம். லாரிக்குப் பத்து விநாடி என்று வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் சத்தம் இருந்தது மொத்தம் மூன்றே நிமிஷம். மீதி 57 நிமிஷம் சில்வண்டு மட்டும்தான். ஆனால் டெசிபல் கணக்கு நம்ம ஊர்க் கூட்டல் கழித்தல் இல்லை. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. அந்த மூன்று நிமிஷத்தை ஒரு மணி நேரத்துக்கும் பரப்பிச் சராசரி எடுத்தால் 67 வருகிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதித்த அளவு 45. நடுவில் இருக்கிற 22 டெசிபலை ஆற்றலாகச் சொன்னால் ஏறக்குறைய 160 மடங்கு.

அந்த 45 எங்கிருந்து வந்தது என்றால், மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000. தொழிற்பேட்டைக்குப் பகலில் 75, இரவில் 70. கடைவீதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவித்திருந்தால் அங்கே 50, 40. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது ஏழாவது விதி. அளவைத் தாண்டிய உடனே புகார் கொடுக்க முடியாது. 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டியிருக்க வேண்டும். அதாவது பத்து மடங்கு வரை பொறுத்துக்கொள் என்று விதியே சொல்கிறது. பின்னாளில் இரவு நேரத் தடைகளை மீறினாலும் புகார் கொடுக்கலாம் என்று சேர்த்தார்கள்.

சரி, எனக்குத்தான் 22 தாண்டியிருக்கிறதே, புகார் கொடுக்கலாம். யார் மேல்?

இங்கேதான் விஷயம் வழுக்குகிறது. சாலையில் ஓடும் பெரிய லாரி ஏழரை மீட்டர் தூரத்தில் 80 டெசிபல் வரை சத்தம் போடலாம் என்று தயாரிப்பு விதியே அனுமதிக்கிறது. ஆகவே 18 லாரியில் ஒவ்வொன்றும் சட்டப்படி சரியான லாரியாக இருக்கலாம். பதினெட்டும் சேர்ந்தால் சட்டப்படி தப்பு. குற்றம் இருக்கிறது, குற்றவாளி கிடையாது. மைக்செட் என்றால் போய் வயரைப் பிடுங்கலாம். மில் என்றால் முதலாளி இருப்பார். சாலைச் சத்தத்துக்கு முதலாளி யார்?

இருந்தாலும் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. ஒரு லாரி மூன்று சுருதியில் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறியது, நடு இராத்திரி, எதிரே ஈ காக்கை இல்லை. எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டி நம்பர் கேட்டார். பாதிதான் தெரிந்தது, சொன்னேன். “சார், அது இந்நேரம் கோட்டைவாசல் தாண்டிருக்குமே” என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்ததோ என்று இப்போதும் சந்தேகம். புகையாவது எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும். சாக்கடை ஆற்றில் தடம் விடும். சத்தம் பத்து விநாடியில் தடயமே இல்லாமல் போய்விடுகிறது, மிச்சம் இருப்பது என் தூக்கம் கெட்டது மட்டும்தான். அதை எந்த நிலையத்தில் காட்டுவது?

ஹாரனைப் பற்றி லாரி ஓட்டுகிற என் அத்தை மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. “மச்சான், எஸ் வளைவுல ஹாரன் அடிக்காம திரும்பச் சொல்லுதீயளா? எதுத்தாப்ல பஸ் வந்தா நீங்களா வந்து நிப்பீய?” வளைவில் சரி. சமதளத்தில் எதற்கு என்றேன். சிரித்தான். பிரேக்குக்கு வைத்திருக்கிற காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு குழாயை இழுத்து ஏர் ஹாரனுக்குக் கொடுத்தால் போதும், சத்தம் ஓசியில் வருகிறது. 1989 மோட்டார் வாகன விதிகள் இந்த மாதிரிப் பல சுருதி ஹாரனைத் தடை செய்து எத்தனையோ காலம் ஆகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எங்கள் வாசலில் வாசிக்கிற ஹாரன் பாட்டுக்கு அபராதம் வசூலித்திருந்தால் இன்னொரு சுரங்கப்பாதையே வெட்டியிருக்கலாம்.

இப்படி எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. லாரியைத் திட்டுகிற நானே கோவில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் வரி கொடுத்தவன். எங்கள் ஊர்க் கொடை மூன்று நாள். நான்கு மணிக்கே தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். ‘எத்தனை குழாய்?’ என்பதுதான் அந்த வருஷக் கொடையின் அந்தஸ்து. பக்கத்துத் தெருவில் எட்டு என்றால் நமக்குப் பன்னிரண்டு. மலையாளக்காரர்கள் இந்தக் குழாயைக் கோளாம்பி என்பார்கள். வெற்றிலை துப்புகிற படிக்கம் போன்ற வடிவம் என்பதால் அந்தப் பெயர். பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றும்.

குழாய் இவ்வளவு தூரம் கேட்பதற்குக் காரணம் வாட்ஸ் இல்லை. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற மின்சாரத்தில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒலியாக மாறும், மீதி சூடாகப் போய்விடும். குழாய் பத்து, இருபது, முப்பது சதவீதம் வரை ஒலியாக்கிவிடும். அதோடு ஒரே திசையில் குவித்து அனுப்பும். எந்தச் சுருதியில் மனிதக் காது ரொம்பக் கூர்மையோ அந்தச் சுருதியில்தான் கத்தவும் செய்யும். தாழ்ந்த சுருதியே வராது. அதனால்தான் எந்தப் பாட்டைப் போட்டாலும் மூக்கடைத்தவர் பாடுவது போல இருக்கிறது.

எங்கள் பகுதியில் முப்பது வருஷமாக மைக்செட் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரோடு பேச வேண்டும் என்றால் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். இடது காது போய்விட்டது. வலது காதிலும் “பேசுறது கேக்கு தம்பி, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல” என்கிறார். இது சத்தத்தால் வரும் செவிட்டுக்கே உரிய குறி. உள்காதில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் சாவது உயர்ந்த சுருதியைப் பிடிக்கிற செல்கள். ‘ஆ’வும் ‘ஊ’வும் கேட்கும், சகரமும் தகரமும் நழுவும். ‘சட்டி’யும் ‘தட்டி’யும் ஒன்றாகிவிடும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பொதுவாகச் சொல்கிற வரம்பு. மூன்று டெசிபல் ஏறும்தோறும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அண்ணாச்சி ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில், நேரே ஒரு குழாய்க்கு அடியில் பாய் போட்டுத் தூங்கியவர். “எப்படித் தூங்குவீங்க?” என்றேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பழகிப்போச்சு.

கொடைக்கும் சட்டம் உண்டு. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காகக் கேட்க விரும்பாதவர் காதில் ஒலிபெருக்கியால் திணிக்கும் உரிமை அதில் அடங்காது என்று 1990-களின் தொடக்கத்திலேயே கேரள உயர் நீதிமன்றம், கோட்டயத்து வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல், சென்னையிலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரில் கோவில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் இருக்கின்றன. மூன்றுக்குமே இந்தத் தீர்ப்பு அடுத்தவருக்கு என்றுதான் நினைப்பு.

ஒலி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ல் கொடுத்த தீர்ப்பின் பின்னணியை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது மனதை விட்டுப் போவதில்லை. 1998 தொடக்கத்தில் செய்தித்தாளில் வந்த ஒரு சம்பவம்தான் அந்த மனுவுக்குக் காரணம். 13 வயதுப் பெண் குழந்தை ஒன்று வன்கொடுமைக்கு ஆளானது. உதவி கேட்டுக் கத்திய கத்தல், பக்கத்தில் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்த பாட்டில் அமுங்கி யார் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அந்தப் பெண் தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டாள். சத்தம் என்றால் காது வலி, தலைவலி என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல் செய்வதும் சத்தத்தின் வேலை என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

பள்ளிக்கூடத்தில் நடப்பதும் அந்த வகைதான், சத்தமில்லாமல் நடக்கிறது. நான் படித்த பள்ளி ரோட்டோரம். எங்கள் கணக்கு வாத்தியார் லாரி வந்தால் சாக்பீஸைக் கரும்பலகையில் ஊன்றி அப்படியே நிற்பார். லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். எங்களுக்கு அது விளையாட்டு. லாரி வராதா என்று காத்திருப்போம். நியூயார்க்கில் மேம்பாலத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. அங்கே அர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர், ஒரே பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்புகளையும் மறுபக்கத்து வகுப்புகளையும் ஒப்பிட்டு 1975-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆறாம் வகுப்பு வருவதற்குள் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்புக் கூரைக்கு ஒலியை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை. பிள்ளைகளை ஒன்றும் மாற்றவில்லை, ரப்பர்தான் வைத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் கோட்டைவிட்டதற்கு வாத்தியாரையும் எங்களையும்தான் இத்தனை நாள் குற்றம் சொல்லி வந்திருக்கிறோம்.

காற்றாலையையும் சொல்லியாக வேண்டும். ஆனியிலிருந்து கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் இறக்கைகள் சுற்றும். அங்கே இருக்கிற சித்தப்பா அந்தச் சத்தத்தை “யாரோ ராத்திரி முழுக்க முறத்துல புடைச்சுக்கிட்டே இருக்காப்ல” என்பார். அளவில் பெரிய சத்தமே இல்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவதுதான் தொந்தரவு. அதே அளவில் சீராக ஓடும் சத்தத்தை விட இது எரிச்சல் தரும்.

எல்லாச் சத்தமும் இரைச்சல் என்று நான் சொல்லவில்லை. 1904-ல் வந்த செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் ரயிலை, அகலப்பாதை போடுவதற்காக 2010-ல் நிறுத்தினார்கள். மலைப்பாதை மறுபடி முழுதாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் அப்பா நேரம் தெரியாமல் தவித்தார். பகவதிபுரம் தாண்டி ஏறுகிற ரயிலின் ஊதலை வைத்துத்தான் அவருக்குப் பால் கறக்கிற நேரம், மாத்திரை போடுகிற நேரம் எல்லாம். மார்கழியில் அந்த ஊதல் அடுத்த தெருவில் கேட்பது போல இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது கதகதப்பாக இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பும். தூரத்து ரயில் பக்கத்தில் வருகிறது. லாரியும் அதே கணக்கில்தான் வருகிறது என்றாலும் லாரிக்காக யாரும் காத்திருப்பதில்லை.

அப்பா இரத்த அழுத்தக்காரர். கடைசி வருஷங்களில் இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். லாரிதான் அவரைக் கொண்டுபோனது என்று சொல்ல மாட்டேன். பீடி உண்டு, உப்பு உண்டு, பரம்பரை உண்டு. ஆனால் சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது இப்போது யூகம் இல்லை. இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் பரிந்துரைத்தது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் வருஷத்துக்குக் குறைந்தது பத்து லட்சம் ஆரோக்கியமான வாழ்வாண்டுகள் போகின்றன என்று 2011-ல் கணக்குச் சொன்னது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள் முழுக்க ஒலியை அளக்க 2011-ல் கருவிகளை வைத்தது சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில். எங்கள் திண்ணை அதில் வராது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். துணி இல்லாத அந்த இரவுக்கு மறுநாள், என் கைக்கடிகாரத்தை, நாடித் துடிப்பு காட்டுகிற வகை, அவள் கையில் கட்டிவிட்டேன். “இது எதுக்குய்யா, ராத்திரி மணி பாக்கவா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள். நான் திண்ணையில் லாரி வருகிற நேரத்தை நோட்டில் குறித்தேன். காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1:12-க்கு ஒரு காலி டிப்பர். துடிப்பு 61-லிருந்து 78. 1:40-க்கு இரண்டு சேர்ந்து, 84. 2:05, 2:09, 2:31. மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு. மருத்துவக் கருவி இல்லை, ஒரே ஒரு இராத்திரி, ஒரே ஒரு அம்மா. இதை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆராய்ச்சிக்கூடங்களில் சொல்வதும் இதைத்தான். சில நாளில் மனசு பழகிவிடும், விழிப்பது குறையும். இதயம் அவ்வளவாகப் பழகுவதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கத்திலேயே எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருகிறது.

“ராத்திரி எப்படிம்மா தூங்கின?”

“அடிச்சுப்போட்ட மாதிரி.”

அந்தத் துடிப்புக் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதென்ன, ஆரியங்காவு மலையா?” என்றாள்.

ரோட்டோரம் மரம் வைக்கலாமே என்று அண்டைவீட்டு மாமா யோசனை சொன்னார். எல்லோரும் சொல்கிற யோசனைதான். மரத்துக்கு வேறு நூறு நன்மை உண்டு. ஒரு வரிசை மரம் சத்தத்தைக் குறைப்பது மிகச் சொற்பம். அதற்குப் பத்திருபது மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு முருங்கை. சாலையையும் காதையும் நேராகப் பார்க்க விடாமல் மறைக்கிற கனமான சுவர்தான் வேலை செய்யும். வீட்டில் அப்படி ஒரு சுவர் ஏற்கெனவே இருந்தது, வீடேதான். அடுப்படிக்குப் பின்னால் நெல் மூட்டை போடுகிற அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டேன். அங்கே அதே செயலியில் அதே லாரிக்கு 52 காட்டியது. ஒரு பைசா சட்டத்துக்குச் செலவில்லை, இரண்டு கிலோ பெயிண்டுதான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முன்னறையில் படுத்தால் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரியும், இது ‘செத்த வீடு மாதிரி’ இருக்கிறது என்றாள். நான் பிடிவாதம் பிடித்தேன். கிளம்பி வந்த பிறகு ஒரு மாதம் அந்த அறையில்தான் படுக்கிறாள் என்று மதினி போனில் சாட்சி சொன்னாள்.

சாரல் தொடங்கியதும் அம்மாவே போன் செய்தாள். பின்னறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வயல். தண்ணீர் நின்றிருக்கிறது.

“ஏய்யா, உன் அறையில என்னைப் படுக்கப் போட்டியே, அந்தத் தவளைச் சத்தத்தைக் கேட்டியா? விடிய விடியக் கத்துது. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல.”

“அது பழகிடும்மா” என்று வாய் வரை வந்தது.